ஐந்து நொடிப் பதில்

தடுப்பூசி மருந்து வைத்திருந்த குளிர்பெட்டிக்குத் திடீரென்று உடம்பு சுட்டது. எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்தெல்லாம் வீண். இப்போதே ஏழு.

"ஏஐ உதவியாளர்கிட்ட ஓடு. அவர்தான் நர்ஸம்மாவைக் கூப்பிடணும்" என்று பெட்டி, வெப்ஹூக் என்ற தூது நிரலை விரட்டியது.

செய்தி கொண்டு ஓடுவதுதான் வெப்ஹூக்கின் பிழைப்பு. போன இடத்தில் ஐந்து நொடிக்குள் "வந்துச்சு" என்று ஒரு வார்த்தை வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் திரும்பி வந்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி போகலாம். மொத்தமே மூன்று தடவைதான்.

"'வந்துச்சு'ன்னு மட்டும் சொல்லுங்க சார்" என்று, செய்தியைக் கொடுத்துவிட்டு உதவியாளரிடம் கெஞ்சியது.

"அதெப்படி மொட்டையாச் சொல்றது? பெட்டிக்கு முறையாப் பதில் எழுதிக் கொடுத்துட்டு நர்ஸம்மாவைக் கூப்பிடுறேன். கொஞ்சம் இரு" என்றார் உதவியாளர்.

ஐந்து நொடி முடிந்தது. வெப்ஹூக் வெறுங்கையோடு திரும்பியது.

"என்னப்பா சொன்னார்?"

"எழுதிக்கிட்டிருக்கார்."

பெட்டி ஏழரையைத் தொட்டது. இரண்டாவது தடவை வெப்ஹூக் போனபோது, உதவியாளர் எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். தொனி சரியில்லையாம்.

மூன்றாவது தடவை, "சார், இதுதான் கடைசி. இனிமே என்னால வர முடியாது" என்றது வெப்ஹூக். அவர் நிமிராமலே தலையை மட்டும் ஆட்டினார்.

பெட்டி எட்டைத் தாண்டியது. வெப்ஹூக் அதன் காலடியில் உட்கார்ந்திருந்தது.

அங்கே உதவியாளர் எழுதி முடித்துவிட்டார். ஒரு பிழையில்லை. "உங்கள் அவசரம் எனக்கு நன்றாகப் புரிகிறது" என்று தொடங்கிய அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, வெப்ஹூக் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.