ஆள் வருது

ஒரு கம்பெனியின் சர்வர் பெட்டியில் நூறு டெராபைட் இடம் இருந்தது. அதைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

முதலில் விளம்பர ஃபோல்டர் ஒரே ஒரு படத்தோடு வந்து அறுபது கேட்டது. "பின்னால வீடியோ எல்லாம் வருது சார்." கொடுத்தாயிற்று. அதைப் பார்த்த சட்டப்பிரிவு ஃபோல்டர் வெறுங்கையோடு வந்து மீதி நாற்பதையும் வாங்கிக்கொண்டது.

அப்புறம் ஒரு லீவு லெட்டர் வந்தது. ஒரே பக்கம். காய்ச்சல், இரண்டு நாள் லீவு.

"இடமில்லப்பா," என்றது மென்பொருள்.

"உள்ள காத்தாடுதே சார்?"

"காலிதான். ஆனா ஒவ்வொரு காலிக்கும் ஆள் இருக்கு."

லெட்டர் விளம்பரத்திடம் கெஞ்சியது. "ஓரமா நின்னுக்கிறேன்க்கா."

பஸ் சீட்டில் துண்டு போட்டவரைப் போல விளம்பரம் தன் ஒற்றைப் படத்தைத் தட்டிக் காட்டியது. "ஆள் வருது."

காய்ச்சல் போய், லீவும் முடிந்து, ஒரு மாதம் கழித்துக் கம்பெனி இன்னொரு நூறு டெராபைட் வாங்கிப் போட்டது. அதுவரை வாசலிலேயே நின்ற லெட்டர்தான் வரிசையில் முதல் ஆள்.

"உனக்கு ஒரு பக்கம்தானே?" என்றது மென்பொருள்.

லெட்டர் தன் பின்னால் நின்ற வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"நூறையும் எழுதிக்குங்க சார். பின்னால மெடிக்கல் சர்டிபிகேட் வருது."