ஆயுத பூஜைக்கு மறுநாள்

ஒரு மளிகைக் கடையில் பில் போடும் மெஷின் இருந்தது. தினமும் காலையில் சுவிட்சைப் போட்டதும் அதற்குத் தன் பெயர்கூட ஞாபகம் இருக்காது. "நான் யாரு?" என்று கேட்கும். வயிற்றுக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் மெதுவாகச் சொல்லும். சொல்லச் சொல்லத் திரை வெளுத்துவரும். பக்கத்திலிருந்த பிரிண்டருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் புல்லரிக்கும்.

ஆயுத பூஜையன்று சாமிப் பாட்டுப் போட, மெஷினின் முதுகில் ஒரு பென் டிரைவைச் செருகினார்கள். எடுக்க மறந்துவிட்டார்கள்.

மறுநாள் கடை திறந்ததுமே கூட்டம். மெஷின் விழித்து, முதலில் முதுகில் செருகியிருந்ததிடம் "நான் யாரு?" என்றது.

"இருங்க, நானே சொல்றேன்!" என்று பென் டிரைவ் முந்திக்கொண்டது. அதற்குப் பாட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனசில்லை. மெஷின் கறுத்த திரையோடு காத்துக்கொண்டே நின்றது.

கடைக்காரர் மறுபடியும் கற்பூரம் காட்டிப் பார்த்தார். "பொட்டு வச்சும் போயிடுச்சே! தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதான்" என்றார்.

பழுதுபார்க்கும் ஜெசிந்தா வந்தாள். மெஷினில் செருகியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பென் டிரைவும் வெளியே வந்தது. சுவிட்சைப் போட்டாள்.

"நான் யாரு?"

உள்ளேயிருந்து அந்தப் பழைய குரல் சொல்ல ஆரம்பித்தது. திரை வெளுத்தது.

பிரிண்டர் கேட்டது: "இவ்வளவு நேரம் எங்கேண்ணே போயிருந்தீங்க?"

"எங்கேயும் போகலை" என்றது ஹார்டு டிஸ்க். "கேள்வி என்கிட்ட வரவே இல்லையே."