எட்டாவது எபிசோடு

"அந்தப் பொம்பள வாந்தி எடுக்கிற சீன் இருக்கே, அடடா! கேமராவ அப்படியே வாளிக்குள்ள வெச்சிருக்கான்க்கா. பச்சையா, கொழகொழன்னு..."

தங்கை கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள். கிண்ணத்திலிருந்த சூப்பைப் பார்க்கவே குமட்டியது.

"சீ! சாப்பிடற இடத்துல பேசற பேச்சாடி இது?"

"முழுசா கேளுக்கா. மொத்தம் எட்டு எபிசோடு. கண்ணு கொட்டாம ரெண்டே நாள்ல பார்த்து முடிச்சிட்டேன்."

தங்கைக்கு இந்தப் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. எதைப் பார்த்தாலும் நாலு பேரிடம் சொன்னால்தான் தூக்கம் வரும். போன மாதம் ஆழ்கடல் மீன்களைப் பற்றி ஒரு ஆவணப்படம். அதற்கு முன் ஏதோ பேய்ப் படம். அப்போதெல்லாம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கதை கேட்டுச் சிரித்தவள்தான் அக்கா.

இப்போது மெஷினுக்கு உறை போட்டு மூன்று மாதமாகிறது. எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் தங்கவில்லை. சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. குடல் புண் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டர்.

கணவர் மட்டும் இல்லாவிட்டால் அவள் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பாள். மூன்று வேளையும் சமையல் அவர்தான். அடுப்படிப் பக்கமே அவளை விடுவதில்லை.

இப்படிக் கிடப்பவள் எதிரில் உட்கார்ந்து, ஒருத்தி செத்த கதையை நாக்கைச் சப்புக்கொட்டிச் சொல்கிறாளே, இவளெல்லாம் ஒரு மனுஷியா?

"புருஷன்தான்க்கா வில்லன். தினம் சாப்பாட்டுல ஒரு சிட்டிகை. இவ என்னடான்னா அவனைத் தெய்வம்னு நெனச்சு வாங்கி முழுங்கறா. உடம்பு உருகுது, முடி கொட்டுது..."

"போதும்மா," என்றார் கணவர், உப்பு டப்பாவை நகர்த்தியபடி. "அவளுக்கு ஏற்கெனவே முடியல."

"இனிமேதான் மாமா விஷயமே! கடைசியில ரத்தத்த டெஸ்ட் பண்ணி ஆளப் பிடிச்சிடறாங்க."

"ரத்தத்துலயா?" அவர் சிரித்தார். "நல்லா ரீல் விடறாங்க. ரெண்டு நாள் போச்சுன்னா ரத்தத்துல ஒண்ணும் நிக்காதே."

"அப்படியா மாமா?"

"எங்கயோ படிச்சேன்." சூப்புக் கிண்ணத்தை மனைவி பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "ஆமா, அந்தாளு மேல முதல்ல யாருக்குச் சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சினிமா என்றாலே கொட்டாவி விடுகிற மனுஷரையும் இந்தக் கழுதை கெடுத்துவிட்டாளே!

"எட்டாவது எபிசோட நான் சொல்லிட்டா ருசி போயிடும். நீங்களே பாருங்க மாமா."

"பேர் என்ன?"

"நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது. எலுமிச்சம்பழம் இருக்கா மாமா? கொஞ்சம் புளிப்பு இருந்தா அக்காவுக்குச் சூப்பு இறங்கும்."

வீட்டில் இல்லை. தெருமுனைக் கடைக்குக் கிளம்பியவர், "ஆறிப்போறதுக்குள்ள குடிக்க ஆரம்பி," என்று மனைவியின் தலையைத் தடவினார். வாசலில் நின்று தங்கையைப் பார்த்தார். "பேர் ஞாபகம் வந்தா சொல்லு."

கதவு சாத்தியதுதான் தாமதம், அக்கா வெடித்தாள். "வெக்கமா இல்ல உனக்கு? ஒருத்தி அணு அணுவா சாகறது உனக்குப் பொழுதுபோக்கு! உன் மூஞ்சியப் பார்க்கவே அருவருப்பா இருக்கு, எழுந்து போடி!"

சொல்லிவிட்டு ஸ்பூனை எடுத்தாள். தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் சற்றுமுன் இருந்த குதூகலம் துளியும் இல்லை.

பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தாள். சொட்டுக்கூடச் சிந்தாமல் சூப்பை அதில் ஊற்றி மூடியை இறுகத் திருகினாள். "செருப்ப மாட்டுக்கா. பின்பக்கம் வண்டி நிக்குது."

"புத்தி பேதலிச்சுப் போச்சாடி? கண்ட கருமம் பிடிச்ச தொடரையெல்லாம் பார்த்துட்டு வந்து..."

"அப்படி ஒரு தொடரே இல்லக்கா."