மீதிப் பத்து சதவீதம்

“மேடம், அந்த ஸ்லைடை மட்டும் எடுத்துடலாமே?”

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், லேப்டாப்பைப் பாதி மூடியபடி கேட்டான் சல்லடை. கடை பில்களில் கிடக்கும் குப்பையைக் கழித்து, கணக்கைச் சுத்தம் செய்து கொடுப்பது அவன் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அலுவலகம் அந்தப் பெயரை வைத்துவிட்டது.

“எது, என் வீட்டு ஸ்லைடா?” அவள் மைக்கைக் காலரில் மாட்டிக்கொண்டே கேட்டாள். “அதுதானேப்பா இன்னிக்கு விசேஷமே! பேர் கேக்காம, ஊர் கேக்காம, பில்லை மட்டும் வெச்சு ஒரு வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு மென்பொருள் சொல்லும்னு காட்டப் போறோம். அடுத்தவன் வீட்டுக் கணக்கை மேடையேத்தினா சண்டைக்கு வருவான். அதனால என் வீடு. நிகழ்ச்சி நிரல்லயே போட்டாச்சு.”

“போன வாரம் உங்க தெருக் கடை பில்லை மட்டும்தான் போட்டோம். ரெண்டு பெரியவங்கன்னு சரியா வந்துச்சு. நேத்து அந்தக் கடையோட எல்லாக் கிளையையும் சேர்த்து ஓட்டினேன்.”

“ஓட்டினா?”

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

*இரண்டு பெரியவர்கள். ஒரு பெண் குழந்தை, வயது ஏழு. உறுதி: தொண்ணூறு சதவீதம்.*

“வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான்,” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எதை வெச்சு இப்படிச் சொல்லுது?”

“சாரோட பாயின்ட் கார்டு.” சல்லடை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஊர்க்கோடியில இருக்கிற கிளை. வருஷம் தவறாம ஒரே தேதி. முதல்ல கைக்குழந்தைக் கவுன். அடுத்த வருஷம் ஒரு அளவு பெரிசு. அதுக்கடுத்த வருஷம் இன்னும் பெரிசு. இந்தத் தடவை கவுனோட ஒரு ஸ்கூல் பையும். சொந்தத்துல யார் குழந்தைக்காவது...”

“நாத்தனாருக்கு ரெண்டும் பையனுங்க. என் பக்கம் குழந்தைகளே கிடையாது.”

“அந்தத் தேதியில சார் வீட்டுல இருப்பாரா?”

“வெளியூர்ல ஆடிட்டுன்னு காலையிலேயே கிளம்பிடுவார். நான் எங்கேன்னு கேட்டதில்ல.”

கேட்டுத் தொலைத்திருக்கலாமே என்று இருந்தது சல்லடைக்கு. அந்த மனிதர் அவனுக்கும் பழக்கம்தான். ஒரு பென்சில் வாங்கினாலும் பாயின்ட் சேருமே என்று கார்டை நீட்டுகிறவர். “எங்க வீட்டுல என்னப்பா ரகசியம், சோப்பும் பேஸ்ட்டும்தானே?” என்று சிரித்தபடி சம்மதக் கையெழுத்துப் போட்டவர். இப்போது மனைவியின் பேச்சைக் கேட்க லீவு போட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இப்படித்தான் சாதுவாக இருப்பார்கள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் திரையில் இருந்த தேதியை விரலால் ஒருமுறை தொட்டாள். கண் கலங்கிவிட்டது.

“மேடம், இதை முழுசா நம்பவும் முடியாது,” என்றான் அவசரமாக. “கவுன் இருக்கு, பை இருக்கு. செருப்பு மட்டும் ஒரு வருஷம்கூட இல்ல. செருப்பே வாங்காம ஒரு குழந்தை வளருமா? அதனாலதான் மீதிப் பத்து சதவீதத்தை மென்பொருள் குடுக்கல. தப்பாக்கூட இருக்கலாம். ஸ்லைடை எடுத்துடறேன். எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கோங்க.”

“வீட்டுல பேச முடியாது.” அவள் எழுந்துகொண்டாள். “இருக்கட்டும். அது தப்பா சொல்லல.”

வெளியே அவள் பெயரை அறிவித்தார்கள்.

அரங்கு நிறைந்திருந்தது. அத்தனை பேரும் அதே மென்பொருளைத் தங்கள் கடைகளில் வைத்திருப்பவர்கள். அவள் தடுமாறாமல் பேசினாள். எந்தப் பொருளை எந்தப் பொருளோடு சேர்த்து வாங்குகிறார்கள், அதிலிருந்து ஒரு வீட்டை எப்படி ஊகிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு, “இது எங்க வீடு,” என்று அந்த ஸ்லைடைப் போட்டாள்.

மூன்றாவது வரிசையில் கணவர் திரையைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனவர், அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். மேடை ஓரத்தில் நின்ற சல்லடை அதைப் பார்த்தான். கையும் களவுமாக மாட்டினால் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்தான்.

முன்வரிசையில் ஒரு கடைக்காரர் கையைத் தூக்கினார்.

“உங்க வீட்டைப் பத்தி சரியா சொல்லியிருக்காம்மா?”

“கிட்டத்தட்ட.”

“கிட்டத்தட்டன்னா? குழந்தை இருக்கா, இல்லையா?”

அரங்கு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கேட்டவரை விட்டுவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

“பொறந்தா. அந்தத் தேதியிலதான். அன்னிக்கு சாயங்காலமே போயிட்டா. இருந்திருந்தா ஏழு வயசு. வீட்டுல நாங்க அவளைப் பத்திப் பேசறதே இல்ல, ஒருத்தரை ஒருத்தர் அழ வெக்க வேண்டாமேன்னு.”

சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கணவர் மட்டும் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

“அந்த மீதிப் பத்து சதவீதம் மென்பொருளோட குறை இல்லீங்க,” என்றாள் கணவரைப் பார்த்தபடியே. “வருஷா வருஷம் செருப்பு வாங்கறது நான், இவருக்குத் தெரிஞ்சிடக் கூடாதேன்னு கார்டைக் காட்டாம, ரொக்கமா குடுத்து.”