வெயில் குடிக்கும் சேறு

சதுப்பு நிலத்தை மூடிச் சாலை போடலாமா என்று ஆராய வந்த பொறியாளர் எபனேசர், அங்கே அள்ளிய கருஞ்சேற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து அலுவலகச் சன்னலில் வைத்திருந்தார். உயிரற்ற மண் என்று அறிக்கையும் எழுதியாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. ஆறாவது வாரம், வெயில் படும் பக்கம் மட்டும் சேறு கத்தரிப்பூ நிறமாகியிருந்தது.

"கெட்டுப்போச்சு சார், கொட்டிடவா?" என்றார் உதவியாளர் ரமீஜா.

"இரும்மா. அது வெயில் குடிக்குது."

குடுவையைத் திருப்பி வைத்தார். சில வாரங்களில் மறுபக்கமும் ஊதா படர்ந்தது. காற்றுப் புகாத அந்தச் சேற்றின் இருட்டுக்குள் எத்தனை கோடி நுண்ணுயிர்கள் வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடந்தனவோ என்று எண்ணியபடி குடுவையருகே குனிந்து பார்த்தார்.

அறிக்கை கேட்டு மேலதிகாரியின் போன் வந்தது.

"முதல்லேருந்து எழுதணும் சார்," என்றார் எபனேசர், குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.