டொப்... டொப்... டமால்!

"இன்னையோட என் பொண்ணு பேரை எடுத்துடுங்க டீச்சர். உங்க கிளாசுக்கு ஒரு பெரிய கும்பிடு!"

டிரம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வாசலில் நின்று கத்தினார் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்தில் அவருடைய மகள் சிட்டு, பை வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் அசரவில்லை. "ஏன் சார்?"

"சங்கீதம் கத்துக்கிட்டா குழந்தைக்குக் கோபம், பயம் எல்லாம் அடங்கும்னு இவ அம்மா சொன்னா. நம்பிச் சேர்த்தேன். இங்க என்னடான்னா, போட்டு இடிக்கத்தான் சொல்லிக் குடுக்கறீங்க. வீட்ல இவ இருக்கற இடமே தெரியாது. இங்க அடிக்கற அடி தெருமுனை வரைக்கும் கேக்குது!"

"ஒரே ஒரு நாள் உக்காந்து பாருங்க. அப்புறமும் வேணாம்னா நானே பேரை எடுத்துடறேன்."

சிட்டுவின் கண் கலங்கிவிட்டது. அடம்பிடித்து எதையும் கேட்டறியாத பெண். வாயைத் திறந்து அவள் கேட்டது இந்த டிரம் ஒன்றைத்தான்.

"சரி, பாத்துடுவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அப்பா.

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அந்த வகுப்பில் ஒரு பழக்கம். வந்ததும் யாரும் பேசக்கூடாது. மனசில் இருப்பதை ஒவ்வொருவரும் டிரம்மில் வாசிக்கவேண்டும். மற்றவர்கள் அதை அப்படியே திருப்பி வாசிக்கவேண்டும். முட்டியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஒரு பையன், தான் ஓடியதையும் விழுந்ததையும் தடதடவென்று வாசித்தான். எல்லாரும் சேர்ந்து அவனோடு விழுந்தார்கள்.

சிட்டுவின் முறை வந்தது.

டொப். டொப். டமால்!

அப்புறம் சத்தமே இல்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, டிரம்மின் ஓரத்தில் நகத்தால் டிக்... டிக்... டிக்.

வகுப்பே அதைத் திருப்பி வாசித்தது. சிட்டு நெஞ்சு நிறைய மூச்சு விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று அப்பாவுக்குத் தோன்றியது.

"என்ன டீச்சர் அது?" என்றார்.

"எனக்கும் தெரியாது சார். முதல் நாள்லேர்ந்து இதையேதான் வாசிக்கறா. நான் கேக்கறதில்ல. வாயால சொல்ல வராதது கையால வருது, வரட்டுமே."

அவ்வளவுதான், மனுஷனுக்கு உள்ளே குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது. சும்மா ஆளா அவர்? லிஃப்டுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றே கோளாறு மோட்டாரிலா, கயிற்றிலா, கதவிலா என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பேரே 'பாம்புக்காது'.

பேரை எடுக்கும் பேச்சையே மறந்துவிட்டு, வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரே எடையில் ரெண்டு சாமான், ஒண்ணு பின்னாடி ஒண்ணு விழுது. மூணாவது பெருசு. மரச்சாமான். தட்டையா இருக்கணும்.

"என்னடா கண்ணு அது?"

"சும்மாப்பா."

விடுவாரா? நேராக மாடி வீட்டுக்காரரிடம் போனார். "கட்டிலைப் போட்டு உருட்டறீங்களா சார்? குழந்தை பயப்படுது."

"ஐயா சாமி! நான் ஊருக்குப் போயிட்டு இப்பதான் பெட்டியையே கீழ வைக்கறேன்."

இறங்கி வந்து மனைவியிடம் குதித்தார். "அப்போ ஸ்கூல்லதான். எவனோ குழந்தைய மிரட்டறான். ஆள் மட்டும் யாருன்னு தெரியட்டும், உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்!"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு சத்தமாக மூடிக்கொள்கிறதாம். அதற்காக மேனேஜர் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். 'கதவுன்னா கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும், அதுக்கு இத்தனை பேச்சா?' என்று பொருமிக்கொண்டே ஒரு ஷூவை உதறினார். இன்னொன்றை உதறினார். உள்ளறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

டொப். டொப். டமால்!

சட்டைப் பொத்தானுக்குப் போன கை பாதியில் நின்றது.

பாம்புக்காது முதல்முறையாகத் தன் வீட்டைக் கேட்டது. ஹாலில் டி.வி. நின்றுபோயிருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லை. குழாய் கூட மூடியிருந்தது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. பிறகு, டிக்... டிக்... டிக்.

கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தார். மனைவி சாப்பாட்டு மேஜையை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லடா, வெளிய வா" என்று கிசுகிசுத்தாள். மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிட்டு உட்கார்ந்திருந்தாள்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், வாயால் சொல்ல வரவில்லை. தரையில் உட்கார்ந்து மேஜைக் காலை நகத்தால் தட்டினார்.

டிக்... டிக்... டிக்.

சிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் மேனேஜர் திட்டிட்டாராப்பா? உள்ள வாங்க. இடம் இருக்கு."