ரீவி கேமில் கிடந்த பேர்

இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்க் கடனோடு, மகள் ரீவியில் கொளுவி விளையாட வாங்கின ரீவி கேம் பெட்டியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குலசிங்கம் தாஹிரின் கடைக்குள் ஏறினான். மூன்று மாதமாக இந்த ஒழுங்கைக்குள் காலே வைக்காமல், மீன் சந்தையைச் சுற்றித்தான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்வந்தான். இன்றைக்கு நிமிர்ந்துகொண்டு வந்தான்.

"நானா, இந்தாங்கோ உங்கட சாமான். நான் முதல் தந்த மூவாயிரத்தைத் திருப்பித் தாங்கோ."

பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துவைத்திருந்த தாஹிர் தலையை நிமிர்த்தினார். "மிச்சக் காசு கொண்டு வாறீங்கண்டு பார்த்தா, பெட்டியைக் கொண்டு வாறீங்க. பழுதா தம்பி?"

"பழுதில்லை. மகளுக்குக் கொம்பியூட்டர்தான் வேணுமாம். விளையாட்டும் அதிலதான் திறமாம்."

கப்பல் வராததால் வேலையில்லாத நாலைந்து துறைமுகக் கூலிக்காரர் கடை வாசலில் நின்றார்கள். அவர்களில் கோணாமலை வாய்விட்டுச் சிரித்தான். "டேய், மா மூட்டை பிடிக்கிற கையால மவுஸ் பிடிக்கப் போறியோ?"

"சிரியாதை. ரீவி கேம் பட்டனில என்ன கிடக்கு? முக்கோணம், சதுரம், வட்டம். எழுத்துத் தெரியாதவன் அமத்துற சாமான். கொம்பியூட்டரில ஏ பி சி டி முழுக்கக் கிடக்கு. பிள்ளை விளையாடினபடியே எழுத்தும் பழகும்."

முப்பத்தெட்டு வயதில், கொண்டெய்னர்களின் பக்கங்களைப் பார்த்துப் பார்த்தே ஆங்கில எழுத்தைக் கூட்டப் பழகினவன் குலசிங்கம். அதை எங்கே சொல்லலாம் என்று வழி பார்த்துக்கொண்டே இருப்பான்.

"கொம்பியூட்டர் எழும்பி வரவே பத்து நிமிஷம்," என்றார் தாஹிர். "கரண்ட் இரிக்கிற கொஞ்ச நேரமும் அதிலயே போயிரும். வைரஸ் வேற. இதுக்கு வயரைக் கொளுவினாக் காணும், கார் ஓடத் தொடங்கிரும். இடப்பக்கப் பட்டன் கொஞ்சம் இறுகும், பிள்ளையை நகத்தால அமத்தச் சொல்லுங்க. ஒன்பதாவது ஓட்டத்தில வளைவு வரக்குள்ள அதுதான் பிரேக்."

"நானாவும் ஒளிச்சு விளையாடுறவர் போலை!" என்றான் கோணாமலை.

தாஹிர் குலசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறதில்ல தம்பி. மிச்சத்தைத் தந்திருங்க."

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் ஆட்களுக்கு முன்னால் கேட்டுவிட்டார். குலசிங்கத்தின் காது இரண்டும் சூடாகிப் போயின.

சட்டைப் பையில் மூவாயிரம் ரூபாய் இருந்தது. கொம்பியூட்டருக்கு முற்பணம் கட்டக் கடன் வாங்கின காசு. அதை இங்கே கொடுத்தால் மகள் கோணேஸ்வரிக்குச் சொன்ன சொல் போய்விடும். வீட்டில் பொய்யனாக நிற்க அவனால் ஏலாது.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த கதையை எடுத்தான். "ஆருடைய சாமான், நானா, இது? போட்ட உடனை ரீவியில ஒரு பேர் வருது. நானே கூட்டி வாசிச்சனான். உம்மு எண்டு கிடக்கு."

தாஹிரின் கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது. "அந்தப் பேரை அழிச்சிட்டீங்களா?"

"பாத்தியளோ, பயந்திட்டார்!" குலசிங்கம் வாசல் பக்கம் திரும்பினான். "சண்டைக்குள்ள மூதூர் முஸ்லிம் சனம் உடுத்த உடுப்போடை ஓடி வந்ததுகள். அதுகள் விட்டிட்டு வந்த வீடுகளில தூக்கின சாமான் இது. இவர் எங்கயோ இருந்து வந்து கடை போட்டதும் அந்த ஆவணியிலதான். கள்ளச் சாமானுக்கு நான் ஏன் காசு தரவேணும்?"

அந்த மாதங்களில் திருகோணமலையில் எது மலிவாக விற்றாலும் ஆட்களுக்கு இந்தச் சந்தேகம் வந்தது. வாசலில் நின்றவர்களின் சிரிப்பு நின்றுபோனது. ஒருவன் "சீ" என்றான்.

அந்தச் "சீ" தாஹிருக்குச் சொன்னது. குலசிங்கத்துக்கோ தன் முகத்தில் விழுந்ததுபோல இருந்தது. மூன்று மாதமாக அந்தப் பேரைப் பார்த்தும் வராத சந்தேகம், கடனைக் கட்டவேண்டிய நாளில்தான் வந்தது என்று அவனுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினான்.

"உரிய ஆளைக் கொண்டுவந்து நிப்பாட்டுங்கோ பாப்பம்! அந்தக் கையிலதான் காசை வைப்பன். கோணேசர் சத்தியமா!"

நோட்டுகளை எடுத்து எல்லோரும் பார்க்க எண்ணி, இரண்டாயிரத்து எழுநூற்றைம்பதை மேசையில் அடித்து வைத்தான். மூதூரிலிருந்து குடாவைத் தாண்டி ஆர் வரப்போகிறார்கள் என்ற துணிவு.

"முழுக்கடனுமா தம்பி?"

"ஒரு சதம் குறையாமல்."

தாஹிர் எழும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை நாள் மூடிவைத்ததைப் பிறர் கை வைத்து விலக்கிவிட்டதுபோல, ஒருவரையும் பார்க்காமல் நின்றார்.

பிறகு கடைக்குப் பின்னால், தன் குடும்பம் ஒண்டியிருந்த மூலையை மறைத்துத் தொங்கின சாக்குத் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"உம்மு குல்சும், வெளிய வாங்க மகள், உங்கட காசு வந்திரிக்கி."